பொடி, பசை, நீர்: மாக்கோலம் முதல் ஏர்பிரஷ் வரை

காவிரிப் படுகையின் வீடுகளில் வெள்ளிக்கிழமையும் விசேஷ நாட்களிலும் மாக்கோலம் போடுவார்கள். பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, நீர் விட்டுக் கரைத்து, சின்னத் துணியொன்றை அதில் நனைத்து விரல்களுக்குள் அடக்கிக்கொள்வார்கள். பெருவிரல் துணியை அழுத்த, மோதிர விரலின் நுனி வழியாக மாவு இழையாக இறங்கும். நீர் குறைந்தால் இழை அறுந்து திட்டுத்திட்டாக விழும். நீர் கூடினால் கோடு பரவிப் பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துவிடும். போட்ட உடனே கோலம் மங்கலாகத்தான் தெரியும். தரை உலர உலரப் பளிச்சென்று வெளுத்து எழும். இரண்டு நாள் கால்பட்டால் உதிர்ந்துபோகும்.

உலகில் உள்ள எல்லா வண்ணப்பூச்சும் எதிர்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள் இந்தத் தரையிலேயே இருக்கின்றன. ஓடுகிறதா? தெரிகிறதா? ஒட்டுகிறதா? மாக்கோலம் முதல் இரண்டில் தேறி மூன்றாவதில் நிற்காது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியம் மூன்றிலும் தேறி ஆயிரம் ஆண்டு நிற்கிறது. பென்சில் அளவுக் கருவியால் காற்றோடு வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ் கலைஞர் அதே மூன்றையும் மனத்தில் வைத்துத்தான் கிண்ணத்தில் பெயின்டைக் கரைக்கிறார். எவ்வளவு தின்னர் ஊற்றுவது என்பதுதான் அவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. ஆனால் அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கும் அறிவியல் தெளிவானது. அதைத் தெரிந்துகொள்ள காவிரி டெல்டாவைவிடப் பொருத்தமான இடமும் இல்லை.

மூன்று பங்காளிகள்

எந்தப் பெயின்டிலும் மூன்று பொருள்கள் உண்டு. நிறம் தருவது பொடி. பொடியைப் பொடியோடும் பரப்போடும் பிணைப்பது பசை. இவ்விரண்டையும் சுமந்துவந்து சேர்த்துவிட்டு ஆவியாகிப் போவது திரவம். நீர்த்தல் என்று நாம் சொல்வது இந்த மூன்றாவது ஆளைக் கூட்டுவது. கூட்டும்போது பொடிக்கும் பசைக்கும் இடையிலான கணக்கு மாறுவதில்லை; ஆனால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகின்றன. சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

மாக்கோலம் உலர்ந்தபின் வெளுப்பது ஏன் என்பதைப் பார்த்தால் பசையின் வேலை விளங்கும். ஒளி ஒரு பொருளைவிட்டு இன்னொன்றுக்குள் நுழையும்போது அதன் வேகம் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவுக்குச் சிதறும். இந்த மாற்றத்தை ஒளிவிலகல் எண்ணால் அளக்கிறார்கள். அரிசி மாவின் எண் சுமார் 1.53, நீரின் எண் 1.33, காற்றின் எண் 1. மாவைச் சுற்றி நீர் இருக்கும்வரை வித்தியாசம் சிறியது. ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது. நீர் போய் அந்த இடத்தில் காற்று புகுந்ததும் வித்தியாசம் பெரிதாகிறது. ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி சிதறித் திரும்ப, நம் கண்ணுக்கு வெள்ளை தெரிகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரத்தில் மங்கி, காய்ந்ததும் வெளுப்பதும் இதனால்தான்.

பொடித் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளைப் பசை முழுவதும் நிரப்பினால் காற்றுக்கு இடமில்லை. பூச்சு மினுமினுக்கும், இறுகி நிற்கும். பசை போதாமல் சந்துகளில் காற்று தங்கினால் பூச்சு வெளிறும், விரலால் தேய்த்தால் பொடி ஒட்டிவரும். இந்த எல்லையை அமெரிக்க ஆய்வாளர்கள் அஸ்பெக்கும் வான் லூவும் 1949இல் ஒரு கணக்காகவே வகுத்துக் கொடுத்தார்கள். பெயின்ட் தொழிற்சாலைகள் இன்றும் அதை வைத்தே மினுப்புப் பூச்சா, மங்கல் பூச்சா என்று தீர்மானிக்கின்றன. மாக்கோலம் அந்த எல்லைக்கு முற்றிலும் அப்பால் நிற்பது. அதில் பசையே இல்லை. அதே அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சினால் நல்ல பசை கிடைக்கும். பச்சை மாவில் அந்தப் பசைத்தன்மை வெளிப்படுவதில்லை.

சுவரே பசையான கதை

1010ஆம் ஆண்டில் முதலாம் ராஜராஜன் எழுப்பி முடித்த பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிவரும் உள்சுற்றின் சுவர்களில் ஓவியங்கள் உள்ளன. நெடுங்காலம் வெளியே தெரிந்தவை நாயக்கர் காலத்தவை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, உதிர்ந்துகொண்டிருந்த அந்தப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். கயிலை நோக்கிப் போகும் சுந்தரரும் சேரமான் பெருமாளும், முப்புரம் எரித்த சிவனும் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தார்கள். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு, நாயக்கர் அடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தியது. மேலடுக்கும் பிழைத்தது, கீழடுக்கும் பிழைத்தது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இந்தச் சுவர்ப் பூச்சை ஆராய்ந்தார். சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டப்பட்டது என்பது அவருடைய முடிவு. இந்த முறையில் ஓவியர் நிறப்பொடியை வெறும் நீரில் கரைக்கிறார். பசை எதுவும் சேர்ப்பதில்லை. அப்படியானால் எது பிடித்து நிறுத்துகிறது? நீற்றிய சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாகிறது. அதாவது மறுபடியும் கல்லாகிறது. அப்படி மாறும்போது பரப்பில் மெல்லிய படிகப் படலம் படர்ந்து நிறத் துகள்களைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. நீர் சுமந்து வந்தது, சுவர் பிடித்துக்கொண்டது.

இதற்கு ஓவியர் கொடுக்க வேண்டிய விலை இரண்டு. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் மட்டுமே உதவும்: காவிக்கல், மஞ்சள் காவி, பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை. செடிகொடிச் சாயங்கள் பலவும் அதில் வெளிறிவிடும். அடுத்தது நேரம். பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டி முடிக்க வேண்டும். அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு பரப்புக்கே பூச்சு இழைப்பார்கள். ஈரத்தில் கருத்துத் தெரியும் நிறம் காய்ந்தபின் வெளிறும் என்பதால், கண்ணுக்கு முன்னால் உள்ள நிறத்தை நம்பாமல், வரப்போகும் நிறத்தை மனத்தில் வைத்துக் கலக்கியிருக்க வேண்டும். அந்தக் கைகளின் பயிற்சியை நினைத்தால் வியப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

பிசின் செய்யும் இரண்டு வேலை

மராத்தியர் ஆட்சியில், குறிப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் காலத்தில் செழித்த தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சுவர் இல்லை, பலகைதான். பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியையும் பிசினையும் குழைத்த பூச்சை இழைத்து, காயவைத்து, தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். மாலையும் வளைவும் தூணும் புடைத்துத் தெரிய வேண்டிய இடங்களில் அதே பொருளைக் கெட்டியாகக் குழைத்து ‘மக்கு’ என்று வைக்கிறார்கள். அதன்மேல் கற்கள், தங்க ரேக்கு, கடைசியாக வண்ணம். 2007-08ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கலை இது.

ஒரே பொடி, ஒரே பிசின். நீரின் அளவு மட்டுமே மாறுகிறது. கெட்டியாக இருந்தால் மேடு எழுப்புகிறது, இளக்கமாக இருந்தால் தளம் போடுகிறது. பிசின் குறைந்தால் மக்கு பொடிந்து உதிரும். கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். இரண்டு எல்லைகளுக்கு நடுவே நின்று பழகிய கைதான் தஞ்சாவூர் ஓவியரின் கை.

பசைக்குப் பிசின் மட்டுமே வழி என்றில்லை. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம், எருமைத் தோலை நீரில் காய்ச்சி எடுக்கும் பசையை விவரிக்கிறது. குழைந்த பசையைக் குச்சிகளாக உருட்டி வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டும்போது வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம். தச்சர்கள் வஜ்ரம் என்று சொல்லும் பசையும் இந்த வகைதான்.

பிசின் ஒட்டுவதோடு நிற்பதில்லை. கரித்தூளை வெறும் நீரில் கலக்கினால் துகள்கள் ஒன்றையொன்று கவ்விக் கட்டிகட்டியாகி அடியில் இறங்கும். கொஞ்சம் பிசின் சேர்த்துக் கலக்கினால் நாள்கணக்கில் கருமை மாறாமல் மிதக்கும். பிசினின் நீண்ட மூலக்கூறுகள் ஒவ்வொரு துகளின் மேலும் படிந்து, ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் இடைவெளி காக்கின்றன. எகிப்தியர் மை செய்த இந்தச் சூத்திரத்தை, 1991இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் பியேர்-ஜில் டி ஜென், மென்மையான பொருள்களின் இயற்பியலை விளக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் விரும்பிச் சொல்வார். பெயின்டில் நீரை அளவுக்கு மீறி ஊற்றும்போது இந்தக் காவல் தளர்கிறது. அப்போது துகள்கள் கூடிக் கட்டியாகின்றன. கட்டி மெல்லிய துளையை அடைக்கிறது.

காவிரி சலித்த மண்

நீரில் கலந்த பொடி எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதற்கு 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விதி வகுத்தார். துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் அது அடியில் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். மண் துகளை எடுத்துக்கொள்வோம். 20 மைக்ரான் அளவுள்ள துகள் 10 சென்டிமீட்டர் நீரைக் கடந்து அடியில் சேர ஐந்து நிமிடம் போதும். (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) 2 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் ஏறத்தாழ எட்டு மணி நேரம். 0.2 மைக்ரான் துகளுக்குக் கணக்குப்படி ஒரு மாதம்.

டெல்டாவை உண்டாக்கியதே இந்த விதிதான். வெள்ளம் வேகமாக ஓடும் இடத்தில் பருமணல் முதலில் இறங்கும். நீர் கிளைகளாகப் பிரிந்து, வாய்க்கால்களில் தளர்ந்து, வயல்களில் தேங்கும்போது நுண்ணிய வண்டல் கடைசியாகப் படியும். முக்கொம்பில் ஆற்றின் நடுவே மணல். திருவாரூர் வயலில் கால் புதையும் களி. இரண்டும் ஒரே நீர் சுமந்தவை. களிமண் என்று மண் அறிவியல் வகைப்படுத்துவது 2 மைக்ரானுக்கும் நுண்ணிய துகளைத்தான். நெல்வயலில் நீர் கட்டி நிற்பது அந்த நுண்மையால். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது.

காவிக்கல்லை இடித்து நீரில் கலக்கி, சற்று நேரம் தெளியவிட்டு, கலங்கிய மேல்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து உலரவைக்கும் பழைய முறை இதையே கையால் செய்வது. பருமனான துகள்கள் அடியில் தங்கிவிடும். நுண்துகள் மேல்நீரோடு வந்துவிடும். சலிக்க முடியாத நுண்மையைக் காலத்தால் சலிக்கிறார்கள்.

இன்றைய வெள்ளைப் பெயின்டுகளின் உயிர் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் துகளை 0.2 முதல் 0.3 மைக்ரான் அளவில் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. ஒளியை மிக வலுவாகச் சிதறடிக்கும் அளவு அதுதான். ஆனால் அதன் அடர்த்தி நீரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அதனால் நீர்த்த வெள்ளை மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் அடியில் தங்கும். ஏர்பிரஷ் கிண்ணத்தில் அதை அடிக்கடி கலக்க வேண்டியிருக்கும்.

இன்னும் நுண்ணிய துகள்களை நீர் மூலக்கூறுகளே எல்லாப் பக்கமும் மோதி அலைக்கழிப்பதால் அவை கீழே இறங்குவதையே மறந்துவிடுகின்றன. 1827இல் ராபர்ட் பிரவுன் கண்ட இந்த அசைவுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குச் சொன்னார். அதைச் சோதித்து, அணுக்களும் மூலக்கூறுகளும் மெய்யாகவே உள்ளன என்று நிறுவிய பிரெஞ்சு அறிஞர் ழான் பெரன் 1926இல் நோபல் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஓவியர்களின் மஞ்சள்: காம்போஜ் என்னும் மரப்பால் பிசின். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மக்கி மரமும் அதைத் தரும் மரங்களின் பேரினத்தைச் சேர்ந்தது. வண்ணக் கிண்ணத்தில் மிதக்கும் மஞ்சள் பொடியைக் கொண்டு அணுவைக் காட்டியது மனித அறிவின் அழகான பக்கங்களில் ஒன்று.

காற்று தீட்டும் கோடு

வண்ணத்தைக் காற்றால் ஊதித் தூவுவது மிகப் பழைய பழக்கம். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவுக் குகைகளில் பாறையில் கையை வைத்துச் சுற்றிலும் காவியைத் தூவிய தடங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுப் பழமையானது என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. கருவியாக அது உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில். 1876இல் பிரான்சிஸ் ஸ்டான்லி ஒரு தூவிக்குக் காப்புரிமை பெற்றார். 1879இல் அப்னர் பீலர் இன்னொரு கருவி செய்தார். 1890களில் சார்லஸ் பர்டிக் செய்த வடிவத்தின் வழியில்தான் இன்றைய ஏர்பிரஷ் வந்திருக்கிறது. புகைப்படங்களைத் திருத்தவே அது முதலில் பெரிதும் உதவியது.

உள்ளே நடப்பது இது. ஊசி ஒன்று கூம்பு வடிவ நாசிலுக்குள் பொருந்தி நிற்கிறது. விரல் லீவரைப் பின்னுக்கு இழுக்க, ஊசி விலகிப் பெயின்டுக்கு வழிவிடுகிறது. நாசிலைச் சுற்றிக் காற்று பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைந்து பெயின்ட் வெளியே இழுபடுகிறது. இழுபட்ட இழையைக் காற்று கிழித்துத் துளிகளாக்குகிறது. நாசில் துளையின் அளவு பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 15 முதல் 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). நாசில் வாயிலேயே 13 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருந்தால் அந்தக் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். விரல்களுக்கு நடுவே விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் காற்று பாய்கிறது என்பதைக் கையில் பிடித்திருப்பவர் உணர்வதே இல்லை.

காற்றை எதிர்த்து நிற்பவை இரண்டு: பெயின்டின் பிசுக்குத்தன்மை, அதன் பரப்பு இழுவிசை. பிசுக்கு மிகுந்தால் இழை கிழியாமல் பெரிய திவலைகளாகத் தெறிக்கும். நீரின் பரப்பு இழுவிசை, டர்ப்பன்டைன் போன்ற கரைப்பான்களின் இழுவிசையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால்தான் நீர்வகைப் பெயின்டுக்கு வெறும் நீரைவிட, இழுவிசையைக் குறைக்கும் பொருள் கலந்த தின்னர் நன்றாக உதவுகிறது. துளை சிறுத்தால் தடை எவ்வளவு ஏறும் என்பதற்கு 1840களில் புவாசேய் கண்ட விதி உதவும்: குழாயின் விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓடும் திரவம் பதினாறில் ஒரு பங்காகும். நாசில் நீண்ட குழாய் இல்லை என்றாலும் போக்கு அதுதான். 0.5 நாசிலில் இதமாக ஓடிய கலவை 0.2 நாசிலில் ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

துளி நுண்ணியதாகும்போது நடப்பது பெரிய அதிசயம். ஒரு மில்லிலிட்டர் பெயின்ட் 30 மைக்ரான் துளிகளாக உடைவதாக வைத்துக்கொள்வோம். கிடைப்பவை சுமார் 7 கோடித் துளிகள். ஒரே உருண்டையாக இருந்தபோது ஐந்து சதுர சென்டிமீட்டர்கூட இல்லாத அதன் பரப்பு, இப்போது 2000 சதுர சென்டிமீட்டர். அத்தனை பரப்பிலும் ஒரே நேரத்தில் ஆவி கிளம்புகிறது. கையிலிருந்து பலகைக்குப் போகும் அந்த ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே துளி உலரத் தொடங்கிவிடுகிறது. ஏர்பிரஷில் அடுக்கின்மேல் அடுக்கு உடனடியாகத் தீட்ட முடிவது இதனால். வேறு சில சிக்கல்கள் தொடங்குவதும் இதனால்.

கலவை கெட்டியாக இருந்தால் புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும். பூச்சு சமனாகாமல் மேடுபள்ளமாகக் காயும். பெயின்டர்கள் ஆரஞ்ச் பீல் என்பது இதைத்தான். நீர்த்துப்போனால் பரப்பில் விழுந்த ஈரத்தைக் காற்றே தள்ளி, கோட்டின் இருபுறமும் மெல்லிய கிளைகள் ஓடும். கையைத் தள்ளிப் பிடித்தால் துளிகள் பாதி வழியில் உலர்ந்து, ஒட்டாத பொடியாக விழும். அக்ரிலிக் பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். தஞ்சாவூரின் சித்திரை வெயிலில் இது இரட்டிப்பாகும். அப்போது மெதுவாக ஆவியாகும் பொருள் சில துளி சேர்ப்பதும், ஊசி முனையை அடிக்கடி துடைப்பதும் பலன் தரும். ஐப்பசி மழையில் வேறு தொல்லை. நைட்ரோசெல்லுலோஸ் (என்சி) லாக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. ஈரக் காற்றின் நீர் அதன்மேல் படிந்து பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. கார்ப் பட்டறைக்காரர்கள் மழைநாளில் ரிடார்டர் சேர்ப்பது ஆவியாதலைத் தாமதப்படுத்தத்தான்.

கலக்கும் முறை

முதலில் பசையை அறிய வேண்டும். தின்னரை அது தீர்மானிக்கும். பிசின் கலந்த நீர்வண்ணத்துக்கு நீர். எனாமலுக்கு டர்ப்பன்டைன் வகை. என்சி லாக்கருக்கு என்சி தின்னர். அக்ரிலிக்குக்கு அதற்கென்று உள்ள தின்னரோ மீடியமோ நல்லது. அக்ரிலிக்கில் பசை கரைந்திருப்பதில்லை, 0.1 மைக்ரான் அளவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளாக நீரில் மிதக்கிறது. நீர் போகப்போக உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றாக உருகிப் படலமாகின்றன. நீரை மிக அதிகமாக ஊற்றினால் படலம் வலுவிழக்கும். பொருந்தாத தின்னரை ஊற்றினால் கலவை அப்போதே திரிந்து கட்டிகட்டியாகும்.

விகிதத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அதே நிறுவனத்தின் சிவப்பும் வெள்ளையும் வெவ்வேறு அளவு தின்னர் கேட்கும். தனிக் கிண்ணத்தில், தின்னரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். கிண்ணத்தின் உட்சுவரில் ஏற்றிவிட்டால், பால் போல மெல்லிய திரையாகப் படிந்து சீராக வழிய வேண்டும். அதுதான் ஏர்பிரஷுக்கான பதம். தொழிற்சாலைகள் இதையே பி4 கப்பால் அளக்கின்றன: அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் துளையுள்ள கோப்பையில் பெயின்டை நிரப்பி, 30 டிகிரி வெப்பத்தில் அது வழிந்து முடியும் விநாடிகளை எண்ணுவார்கள். வெப்பத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நீரின் பிசுக்குத்தன்மையே 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காலையில் சரியாக இருந்த கலவை நடுப்பகலில் நீர்த்துத் தெரிவதில் வியப்பில்லை.

கலந்ததை நெருக்கமான நைலான் துணியில் வடிகட்டிய பிறகே ஏர்பிரஷில் ஊற்ற வேண்டும். ஒரு காகிதத்தில் தூவிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் தின்னரைக் கூட்டலாம். கிளை ஓடினால் அழுத்தத்தைக் குறைக்கலாம். ஒரே பூச்சில் நிறம் நிறைய வேண்டும் என்ற அவசரம் கூடாது. மெல்லிய பல அடுக்குகள், நடுநடுவே உலர நேரம். கலந்த அளவுகளை எழுதிவைத்த ஒரு நோட்டுப் புத்தகம் இந்தத் தொழிலில் விலை உயர்ந்த கருவிக்குச் சமம்.

தூவியது எங்கே போகிறது

தூவும் வண்ணம் முழுவதும் பலகையில் உட்காருவதில்லை. ஒரு பகுதி காற்றில் மிதக்கிறது. 10 மைக்ரானுக்கும் சிறிய துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கும். தின்னர்களில் உள்ள டொலுவீன் போன்ற ஆவிகள் நரம்புகளைத் தாக்கும், எளிதில் தீப்பற்றும். சாதாரண முகக்கவசம் துகளைத்தான் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிப்பான் பொருத்திய கவசமும், வெளியே காற்றை இழுக்கும் விசிறியும் தேவை. பழைய நிறங்களிலும் நஞ்சு உண்டு: செந்தூரத்தில் ஈயம், சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் ஆர்சனிக். பிரஷ்ஷால் தீட்டும்போது ஓரளவு அடங்கியிருக்கும் ஆபத்து, தூவும்போது நேராக மூச்சுக்குள் போகும். வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. தொழில்வகைப் பெயின்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு பகுதி ஆற்றுக்குப் போகிறது. தமிழ்நாட்டின் சிலைப் பட்டறைகளில் விநாயகர் சதுர்த்திக்கு முன்பு ஸ்ப்ரே கன் ஓயாமல் ஒலிக்கும். அந்தச் சிலைகளில் பல பண்டிகை முடிந்து காவிரியிலும் அதன் கிளைகளிலும் கரைக்கப்படும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதம் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்கள், நச்சு ரசாயன நிறங்களையும் எண்ணெய்ப் பெயின்டையும் விலக்கி, மட்கக்கூடிய, நஞ்சில்லாத நீர்வகை இயற்கை நிறங்களைப் பயன்படுத்தச் சொல்கின்றன. நீரில் கலக்க முடிகிறது என்பதற்காக ஒரு பெயின்ட் ஆற்றுக்கு நல்லதாகிவிடாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்ரிலிக்கை நீரில்தான் கரைக்கிறோம். காய்ந்த பின் அது மறுபடி நீரில் கரையாத பிளாஸ்டிக்.

அறிவியல் இங்கே கைகொடுக்கிறது. ஒரு நிறம் எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதைப் பசை முடிவு செய்கிறது; எந்த வழியாகப் பரப்பைச் சேர வேண்டும் என்பதைத் திரவம் முடிவு செய்கிறது. கோயில் சுவரில் நூற்றாண்டுகள் நிற்கச் சுண்ணாம்பு. வீட்டுச் சுவரில் தலைமுறை நிற்கும் படத்துக்குப் பிசின், பலகை, மக்கு. வெயிலும் மழையும் தாங்க வேண்டிய வண்டிக்கு லாக்கர். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ ஆற்றில் கரைய வேண்டிய சிலைக்கு மறுபடி நீரில் கரையும் பிசினே சரியான பசை.

காவியையும் சுண்ணாம்புப் பொடியையும் ஏர்பிரஷில் தூவ முடியாது என்று தள்ள வேண்டியதில்லை. பொடியை நன்றாக அரைத்து நீரில் கலக்கி, ஒரு சாண் உயரப் பாத்திரத்தில் பத்து நிமிடம் தெளியவிட்டு மேல்நீரை இறுத்தால், 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் ஏறக்குறைய எல்லாம் அடியில் தங்கிவிடும். மேல்நீரில் வந்த நுண்பொடியைச் சேர்த்துப் பிசின் கரைசலில் குழைத்து, துணியில் வடிகட்டி, 0.5 நாசிலில் தூவலாம். காய்ந்த பூச்சை விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி வந்தால் பிசின் குறைவு. வெடித்தால் பிசின் அதிகம்.

தஞ்சையிலும் கும்பகோணத்திலும் வண்ணம் கற்பிப்போரும், பட்டறை நடத்துவோரும் இந்தக் கணக்கைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும். ஸ்ப்ரே கன்னைக் கையில் கொடுக்கும் முன் கரி வடிப்பான் கவசத்தை முகத்தில் மாட்டிவிட வேண்டும். சிலை வாங்கும் நாமும் பளபளப்பைக் கேட்பதை நிறுத்தி, காவியும் சுண்ணாம்பும் பிசினும் கொண்டு பூசிய சிலையைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் பட்டறையில் பெயின்ட் மாறும்.